உறை இல்லாமல் வந்த டிஸ்க்

"அறுபத்தாறு வயது ஆண். உடன் வந்தவர் சொன்னபடி: சில மாதங்களாக மறதி. பிடிவாதம் கூடியிருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். எம்.ஆர்.ஐ.யில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. மூளையின் இயக்கத்தைப் பார்க்க பெட் ஸ்கேன் தேவை. எம்.ஆர்.ஐ. டிஸ்க் இணைப்பு."

புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை தேதியிட்ட பரிந்துரைக் கடிதம் அது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் என் மேசைக்கு வந்தது. கொரோனா அடங்கியதற்கு அடுத்த வருஷம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தன. தேதிகளைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஊர்ச் செய்தி, மழை, ரயில் தாமதம் எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். ஆனால் இந்தக் கடிதம் மனதில் நின்றதற்கு அந்தப் பழக்கம் காரணமல்ல. மறதி ஒரு நோய்க்குறி, சரி. பிடிவாதம்கூட இருக்கலாம். கையெழுத்துப் போட மறுப்பது எப்படி நோய்க்குறி ஆகும்?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். டாக்டர் தவறாக எழுதவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார், "உடன் வந்தவர் சொன்னபடி" என்று முதலிலேயே வேலியும் போட்டிருந்தார். சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்பதுதான் கேள்வி.

நான் கோவில்பட்டிக்காரன். மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் தொழில்நுட்பராக இருந்தேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அன்று வந்தவர் விளாத்திகுளத்துக்குத் தெற்கே, குளத்தூர் போகும் வழியில் உள்ள ஒரு ஊர்க்காரர். கருப்பசாமி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. ஆனால் அதுவும் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர்தான். அது ஏன் முக்கியம் என்பது போகப்போகத் தெரியும். கூட வந்தது மகன் செல்வராஜ். நாற்பதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட சட்டை, கையை விட்டு இறங்காத போன்.

"எந்த ஊரு சார் நீங்க?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"கோவில்பட்டி அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லுங்க தம்பி." அந்த நிமிஷத்தோடு சார் போய்விட்டது. "கோவில்பட்டில மழ உண்டுமா?"

"தூத்தல்தான். உங்க பக்கம்?"

நான் வெறும் பேச்சுக்குக் கேட்டேன். அவர் வெறும் பேச்சுக்குப் பதில் சொல்லவில்லை. "ஆடில ஒரு தூத்தல், புழுதி அடங்குனதோட சரி. ஆவணி கடசி வெள்ளி தெக்க இருந்து எடுத்துட்டு வந்துது, ஓடைக்கு அங்கிட்டு நின்னுட்டு. எங்க காட்டுல ஒரு பொட்டு இல்ல. புரட்டாசி பொறந்து ஒரு உழவு மழ. இன்னும் ஒண்ணு விழுந்தா வெதைக்கணும். இவன் என்ன இங்கன கொண்டாந்து போட்டுருக்கான்."

மகன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "பேரன் பேரு என்னன்னு கேளுங்க சார்," என்றான்.

கேட்டேன். பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார், கூரையைப் பார்த்தார். "இருங்க, வாயில நிக்கி," என்றார். பெயர் வரவே இல்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"பாத்தீங்களா?" என்றான் மகன். வெற்றி பெற்றவனைப் போலச் சொன்னானா, வருத்தத்தோடு சொன்னானா? அன்று வெற்றி என்றுதான் எனக்குப் பட்டது. இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

என்ன பிரச்சினை என்பது அந்தக் காத்திருப்பு நேரத்திலேயே வெளிவந்துவிட்டது. பெரியவர் பெயரில் கரிசல் நிலம். சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் சூரிய மின்தகடு போடும் கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இவர் நிலம் மட்டும் நிற்கிறது. மகனுக்குக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு விதைக்க வேண்டும். அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார். எங்கள் படத்தின் முடிவைப் பொறுத்து இந்த மனிதர் "மாட்டேன்" என்று சொல்வது ஒரு சொல்லாக நிற்கும், இல்லையென்றால் ஒரு நோயின் அடையாளமாகிவிடும்.

ஸ்கேனை மட்டும் வைத்து ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று எந்த நல்ல டாக்டரும் சொல்ல மாட்டார். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் நீலமும் சிவப்புமாக ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற குடும்பத்துக்கு அது தெரியாது.

ஊசி போட்டு, இருட்டறையில் பேசாமல் படுக்க வைத்து, பிறகு மெஷினில் ஏற்றினோம். அவர் தலையைத் தலைதாங்கிக்குள் வைத்தது நான்தான். அகன்ற மண்டை. வழக்கமாக இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு செருகுவோம். அவருக்குச் செருக இடமே இல்லை, தாங்கி இறுகப் பிடித்துக்கொண்டது. "தலப்பா கட்டுனாப்புல இருக்கு," என்று முணுமுணுத்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கொஞ்சம் விளக்கம். பெட் ஸ்கேன் மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். அதாவது வேலையைக் காட்டும். ஆனால் அதன் பார்வை மங்கல். வானத்தில் இருந்து பருத்திக் காட்டை மங்கலாகப் படம் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். செடி தனியே, வரிசைகளுக்கு இடையிலுள்ள கரிசல் தனியே என்று தெரியாது. இரண்டும் கலந்து ஒரு வெளிறிய பச்சையாகத் தெரியும். பச்சை குறைவாக இருந்தால் செடி வாடியிருக்கலாம். செடி நன்றாக இருந்து வரிசைகள் விலகி நிற்கவும் செய்யலாம். எதுவென்று சொல்ல, செடி எங்கே நிற்கிறது என்று காட்டும் இன்னொரு படம் வேண்டும். மூளைக்கு அந்த வரைபடம் எம்.ஆர்.ஐ. வயதானால் மூளை சுருங்கும், மடிப்புகளுக்கு இடையில் நீர் நிற்கும். அந்த இடைவெளியை எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொன்னால், அதைக் கழித்துவிட்டு, மிஞ்சியிருக்கும் மூளை உண்மையிலேயே எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடலாம். இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் இதைவிட உதவியான வேலை எங்கள் தொழிலில் இல்லை. சரியாக உட்காராவிட்டால் இதைவிட ஆபத்தான வேலையும் இல்லை. மங்கலான படத்தைப் பார்ப்பவர் தயங்குவார். திருத்திய படம் என்றால் யாரும் தயங்குவதில்லை.

பெரியவரின் எம்.ஆர்.ஐ. கோவில்பட்டியில் ஒரு மையத்தில் ஆனி மாதம் எடுத்தது. டிஸ்க் ஒரு பாலிதீன் பையில் சுற்றி வந்திருந்தது. மையத்தின் பெயரும் நோயாளியின் முகவரியும் அச்சடித்த அட்டை உறை இல்லை. டிஸ்க்கைத் திறந்து, எல்லோரும் பார்ப்பதைத்தான் பார்த்தேன். எஸ்.கருப்பசாமி. ஆண். பிறந்த தேதி. மகன் கொடுத்த ஆதாரில் இருந்த பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பொருந்தின. நோயாளி எண் என்று ஒன்றும் இருந்தது. அது அந்த மையத்தின் சொந்த எண். ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை.

மதியம் இரண்டு படங்களையும் கணினியில் பொருத்தியது என் சக ஊழியர். திருப்பியும் நகர்த்தியும் பொருத்தச் சொல்லியிருக்கிறார். பொருந்தவில்லை. அப்போது மென்பொருள் பணிவாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: மேம்பட்ட முறையில் பொருத்தட்டுமா? சாப்பாட்டு நேரம். அவர் ஆமாம் என்று தட்டிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். திரும்பி வந்தபோது படம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, மதிப்பெண் பச்சை நிறத்தில். திருத்திய படத்தில் மூளையின் பக்கவாட்டுப் பகுதிகள் இரண்டும் ஆழ்ந்த நீலம். மூளை நிறையவே இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அறிக்கையின் வரைவு தயாராகிவிட்டது. வியாழக்கிழமை மகன் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு.

எங்கள் மையத்தில் ஒரு இயற்பியலாளர் அம்மா இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மதுரைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதி அவர் திட்டியது. நல்ல பொருத்தத்தைக் கண்டால்தான் அவருக்கு மூக்கு வேர்க்கும்.

"இதென்ன, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது?" என்றார் திரையைப் பார்த்து. "மெஷின் வேற, ஊர் வேற, மாசம் வேற. கொஞ்சமாவது சண்டை போட வேணாமா? யார் சமாதானம் பண்ணி வச்சது?"

சக ஊழியர் மேம்பட்ட முறை என்றார்.

"மேம்பட்ட முறையா? இழுத்திருக்கீங்க சார். ஒரே ஆளோட மண்டைன்னா திருப்பலாம், நகத்தலாம். இழுக்க அது என்ன சப்பாத்தி மாவா?"

எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்த்தோம். பக்கவாட்டில் நிறையவே இழுத்திருந்தது. எம்.ஆர்.ஐ.யில் இருந்தது ஒடுங்கிய தலை. அதை அகலத் தலைக்குள் பரப்பி விட்டிருந்தது. எனக்கு அந்த இறுக்கமான தலைதாங்கி நினைவுக்கு வந்தது.

"அம்மா, இந்த எம்.ஆர்.ஐ. தலைக்கு ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்சு போடலாம். நான் வச்ச தலைக்குப் போட இடமில்ல," என்றேன்.

அவர் கணினி வெட்டி எறிந்திருந்த பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தார். பொருத்துவதற்கு முன் மென்பொருள் மண்டையோட்டை நீக்கிவிட்டு மூளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் யாரும் நெற்றியைப் பார்ப்பதில்லை. புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்புக்குள், எல்லோருக்கும் காற்று நிறைந்த சிறு அறை உண்டு. அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், ரேகையைப் போல. எங்கள் பெட் மெஷின் கூடவே ஒரு சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடும். அதில் பெரியவரின் நெற்றியில் பெரிய அறை, இடப்பக்கம் வீங்கியது போல, நடுவில் கோணலான தடுப்பு. எம்.ஆர்.ஐ.யில் இருந்த நெற்றியில் அறை என்று சொல்ல இரண்டு சின்னக் குழிகள்தாம்.

மூன்று மாதத்தில் மறதி வரலாம். நெற்றி எலும்பு மாறாது.

"இது அவர் தலை இல்ல," என்றேன்.

"அது மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது," என்றார் அம்மா.

ஆனால் நான் அதற்கு மேலே போய்விட்டிருந்தேன். கையெழுத்துப் போட மறுக்கிறார் என்ற வரி, உறை இல்லாத டிஸ்க், பேரன் பெயரைக் கேட்கச் சொன்ன மகன், காத்திருக்கும் வக்கீல். எல்லாமே எனக்குள் அழகாகப் பொருந்தின. திருப்பியும் நகர்த்தியும் பொருந்தாததை நானும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். வேறு யாருடைய நல்ல மூளையையோ கொண்டுவந்து, அப்பாவின் மங்கல் படத்தோடு வைத்து, நோயாளி ஆக்கப் பார்த்திருக்கிறான். ஆள் சாமானியனில்லை என்று தீர்மானித்தேன். அம்மாவிடம் சொல்லவும் சொன்னேன்.

"அவனுக்கு இந்தத் திருத்தம், பொருத்தம் எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். "நமக்கே பாதி நாள் தெரியமாட்டேங்குது. நீங்க மண்டையோட்டைப் பாருங்க சார். மகனைப் பாக்காதீங்க."

புதன்கிழமை அம்மா கோவில்பட்டி மையத்துக்குப் போன் செய்தார். மற்றவர் விவரம் எதையும் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னது சரியே. ஒன்று மட்டும் சொன்னார்கள். அதே பெயர், அதே முதலெழுத்து, அதே பிறந்த தேதி, இரண்டு தனித்தனி எண்கள், ஒரே வாரத்தில். அவர்களுக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்திருக்கிறது, ஒருவரையே இரண்டு தடவை பதிந்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள். எங்கள் டிஸ்க்கில் இருந்தது இரண்டாவது எண்.

பெயர் ஒன்றாக இருக்கலாம். பிறந்த தேதியுமா? தேதியை நம்பியே வாழ்ந்தவன் நான். எனக்கு அது சதி என்றே பட்டது.

வியாழக்கிழமை மகன் வந்தான். அறிக்கை தயாராகவில்லை, டிஸ்க்கில் சந்தேகம் இருக்கிறது என்றேன்.

"என்ன சார் சந்தேகம்? எங்கப்பா பேரு போட்டுருக்குல்லா?"

"பேரு போட்டிருக்கு. தலை அவருது இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "என்ன சார் சொல்லுதீங்க? தலைய மாத்தி வைக்க முடியுமா?"

"உறை எங்க தம்பி?"

"எந்த உற?"

"டிஸ்க்குக்கு அட்டை உறை குடுத்திருப்பாங்க. ஊர், விலாசம் எல்லாம் அடிச்சு."

கொஞ்சம் தாமதித்தான். ரொம்பத் தாமதம் இல்லை. "நனைஞ்சு போச்சு சார். ஞாயித்துக்கெழம சாய்ந்தரம் ஊர்லருந்து பஸ் ஏறும்போது மழைல்லா. அட்ட ஊறிக் கிழிஞ்சிட்டு. தூரப் போட்டுட்டு டிஸ்க்க மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

"வேற டிஸ்க் வீட்டுல இருக்கா?"

"தெரியாது சார். ஒரு பை கெடக்கு, எல்லாம் அதுலதான் கெடக்கும். இப்ப என்ன செய்யணும்ங்கீங்க? வக்கீலு நாளைக்குக் கேட்டுருக்காரு."

"அப்பாவையும் அந்தப் பையையும் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா புதுசா எம்.ஆர்.ஐ. எடுக்கணும். அது வரைக்கும் அறிக்கை கிடையாது."

"உள்ளத அப்படியே குடுங்க சார், நாங்க பாத்துக்கிடுதோம்."

"கிடையாது."

கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனான். இனி வர மாட்டான், வேறு எங்காவது வேறு ஒரு மையத்தில் அதே டிஸ்க்கோடு நிற்பான் என்று நினைத்தேன். அவனைப் பற்றி நான் எடுத்திருந்த முடிவுக்கு அதுதான் பொருத்தம்.

சனிக்கிழமை காலையில் அவனே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சதிகாரன் என்று நான் நினைத்த ஆள், பெரியவரின் கைப்பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தானே தூக்கிக்கொண்டு வந்தான். பெரியவர் கக்கத்தில் ஒரு பருத்த மஞ்சப்பை.

மேசையில் கவிழ்த்தார். அது ஒருவருடைய பை இல்லை, ஒரு வளவுக்கே பொதுவான பை. ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் பங்காளி வீடுகள். எக்ஸ்ரே, நெஞ்சுப் படம், ஒடிந்த கால், கர்ப்ப ஸ்கேன், எல்லாம் கலந்து கிடந்தன. ஆணியில் ஒரே பை தொங்கும், யாருக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு போவார்களாம்.

"இதுல உங்களுது எது அண்ணாச்சி?"

"பேரப் பாத்து எடுத்தா கெடைக்காது தம்பி," என்றார். "எங்க அய்யா, அப்பாவப் பெத்தவரு, பேரு கருப்பசாமி. அவருக்கு நாலு மக்க. நாலு பேரும் தலச்சன் பிள்ளைக்கு அய்யா பேரத்தான் விட்டாவ. வளவுல நின்னு கருப்பசாமின்னு ஒரு சத்தம் குடுத்தா நாலு கதவு தெறக்கும்."

"முதலெழுத்து?"

"எங்கப்பா சுப்பையா. சித்தப்பா சங்கையா."

"பிறந்த தேதி எப்படி அண்ணாச்சி ஒண்ணா இருக்கும்?"

இப்போது அவர் சிரித்தார். "நானும் சித்தப்பா மகனும் ஒரே நாள்ல பள்ளிக்கூடம் சேந்தோம். வாத்தியாரு பொறந்த நாளு கேட்டாரு. எங்கம்மா, பெரு மழையில பொறந்தாம்னா. அவுக அம்மா, கம்பு அறுக்கும்போதுன்னா. வாத்தியாரு ரெண்டு பேருக்கும் ஒரே தேதியா போட்டுட்டாரு. அந்தத் தேதிதான் ஆதாருக்கும் வந்துது. அவன் எனக்கு நாலஞ்சு வயசு எளையவன். இப்ப குளத்தூர்ல உப்பளத்துல இருக்கான். ஆனில வண்டியில இருந்து விழுந்துட்டான்னு செல்வராசுதான் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயி தலையப் படம் எடுத்தது. அதே வாரம் எனக்கும் எடுத்தது."

நான் ஆயுள் முழுக்க நம்பிய தேதி ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியாரின் சௌகரியம்.

பையின் அடியில் ஒரு டிஸ்க் இருந்தது, அட்டை உறையோடு. உறையில் பெரியவரின் ஊர். அம்மா அதை நம்பவில்லை. உறைக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார். நேரே நெற்றியைத் திறந்தார். பெரிய அறை, இடப்பக்கம் வீங்கியது, நடுவில் கோணலான தடுப்பு. சி.டி. ஸ்கேன் பக்கத்தில் வைத்தோம். அதே நெற்றி. திருப்பினார், நகர்த்தினார், இழுக்கவில்லை. உட்கார்ந்தது. அங்கங்கே கொஞ்சம் முரண்டு பிடித்தது. "இது உண்மையான சண்டை," என்றார் அம்மா திருப்தியாக.

அவருடைய சொந்த மூளை உண்மையிலேயே சுருங்கியிருந்தது. மடிப்புகள் அகன்று நீர் நின்றது. ஓரத்தில் பழைய ரத்தக்குழாய் அடைப்பு ஒன்றின் சின்னத் தழும்பும் இருந்தது. கடிதத்தில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது மற்றவரின் எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து. மங்கல் படத்தில் நீலமாகத் தெரிந்த இடமெல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளிகள்தாம். அவற்றைக் கழித்துத் திருத்திய பிறகு, மிஞ்சியிருந்த மூளை அந்த வயதுக்கு ஏறக்குறைய ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. செடி வாடவில்லை, வரிசைகள்தாம் விலகியிருந்தன. அம்மா வேறு வேறு வழியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். மகன் மீது நான் வைத்திருந்த சந்தேகத்தைவிட, தன் கணக்கின் மீது அவர் வைத்த சந்தேகம் அதிகம்.

அனுப்பிய நரம்பியல் டாக்டர் அன்றே அப்பாவையும் மகனையும் உட்கார வைத்துப் பேசினார். பெரியவர் கேட்டுக்கொண்டார் என்பதால் நானும் கூட இருந்தேன்.

"மறதி இல்லைன்னு நான் சொல்லல," என்றார் டாக்டர். "இருக்கு. மாத்திரை தர்றேன், ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாப்போம். ஆனா நீங்க பயந்த, புத்தி தடுமாறிப்போற அந்த நோய்க்கு இதுல ஆதாரம் இல்ல. நான் உக்காந்து பேசிப் பாத்ததுலயும், அவர் தன் நிலத்தைப் பத்தி என்ன முடிவு எடுக்கிறார், ஏன் எடுக்கிறார்னு அவருக்குத் தெளிவாத் தெரியுது."

பெரியவர் முன்னால் குனிந்தார். "அப்பம் நான் மாட்டேன்னு சொன்னா, அது மாட்டேன்தானா சார்?"

"மாட்டேன்தான்."

"இவன் நாளைக்கு வேற டாக்டர்ட்டக் கேட்டாலும்?"

"அவரும் உங்ககிட்டதான் கேக்கணும்."

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஏலே, பஸ் எத்தன மணிக்கு?" என்றார். "நேத்து ஊர்ல மழ விழுந்துட்டு, நாளைக்கு வெதைக்கணும்."

மகன் முகத்தை நான் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றம் இருந்தது. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. அப்பாவுக்கு அந்த நோய் இல்லை என்று கேட்ட மகனின் ஆறுதலாக இருக்கலாம். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தவனின் ஆறுதலாகவும் இருக்கலாம். முகத்தைப் பொருத்திப் பார்க்க எந்த மென்பொருளும் கிடையாது. இருந்தாலும் அது இழுத்துத்தான் பொருத்தும்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். படத்தைச் சந்தேகியுங்கள், அதற்குத்தான் சம்பளம். பெயர், தேதி, எண், உறை எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். ஒட்டிக்கொண்ட படத்தை ஒட்டாத படத்தைவிட அதிகமாகச் சந்தேகியுங்கள். பொருந்தவில்லை என்று கணினி சொன்னால் அது தரும் முதல் நல்ல தகவல் அது. அதை மேம்பட்ட முறையில் அழித்துவிடாதீர்கள். மூளையை வெட்டி எடுத்துக்கொண்டு நெற்றியை எறிவதற்கு முன் ஒருமுறை நெற்றியைப் பாருங்கள். ஆளைச் சந்தேகிப்பது வேறு. எனக்கு அது தன்னால் வருகிறது, நிறுத்த முடியவில்லை. அம்மாவால் முடிந்தது.

ஏனென்றால் அந்த உறை விஷயத்தில் எனக்கு மனம் ஆறவே இல்லை. பையில் அவருடைய உறை இருந்தது. சித்தப்பா மகனின் உறை இல்லை. அதில் குளத்தூர் விலாசம் அச்சடித்திருக்கும். அது கூட வந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். நனைந்து கிழிந்தது என்று சொன்னான். மழை பெய்திருந்தால் பேச்சு முடிந்தது. பெய்யாவிட்டால், உறையைக் கழற்றி எறிந்தவனுக்கு அது யாருடையது என்று தெரிந்திருக்கிறது.

என் மழைக் குறிப்பைப் பார்த்தேன். அந்த ஞாயிறு மாலை கோவில்பட்டியில் தூறல் இருந்திருக்கிறது, தெரு நனைந்த அளவுக்கு. விளாத்திகுளத்தில் இருக்கும் ஒரு நண்பரைக் கேட்டேன். அங்கே மழையே இல்லை என்றார். பெரியவரின் ஊர் அதற்கும் தெற்கே. எங்கள் கரிசல் மழையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஓடைக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும். தாலுகா மழைமானி காலியாக இருப்பது அந்த ஊருக்குச் சாட்சி ஆகாது.

சாட்சி ஒருவர்தான். ஆவணி கடைசி வெள்ளி மழை எந்த ஓடையில் நின்றது என்று சொன்னவர். விதைப்பு மழைக்காக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, ஓய்வு பெற்ற பிறகு, கோவில்பட்டி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். டீக்கடையில் நின்றோம். பருத்தி பரவாயில்லை என்றார். சுற்றிலும் தகடு வந்துவிட்டது, தன் காடு மட்டும் நடுவில் கறுப்பாகக் கிடக்கிறது, வெயிலில் தகடு பளபளப்பதில் கண் கூசுகிறது என்று குறைபட்டார். பேரன் பெயரைத் தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், கவனித்தாயா என்று. செல்வராஜ் எதிர்ச்சாரியில் வண்டிக்கு பெட்ரோல் போட நின்றுகொண்டிருந்தான்.

அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு ஸ்கேனுக்கு வாரதுக்கு மொத நாளுக்கு மொத நாள், ஞாயித்துக்கெழம சாய்ந்தரம். நீங்க பஸ் ஏறும்போது உங்க ஊர்ல மழ பெஞ்சுதா?"

ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைப் பலகையில் வைத்தார். எதிர்ச்சாரியைப் பார்த்தார். மகன் வண்டியைக் கிளப்பி, சீட்டைக் கையால் துடைத்துவிட்டு, அப்பாவுக்காகக் காத்திருந்தான்.

"பெஞ்சுதுன்னு வச்சுக்கிடுங்க தம்பி," என்றார். "நான் அவன் பின்னாடிதான உக்காந்து போவணும்."

போய் ஏறிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே, என் குறிப்பில், கோவில்பட்டி தூறல் என்று இருக்கிறது. அவர் ஊருக்கு எதிரே எழுத இடம் விட்டிருக்கிறேன். அன்று அங்கே மழை பெய்ததா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.